ஒன்றரை லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா? விரல் போன தச்சருக்கு எவ்வளவு வரும்

கேள்வி சுருக்கமாக இது: "தம்பிக்கு 34 வயது. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். வேலை புதுச்சேரி எல்லைக்குள் கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு மரப்பட்டறையில். 2025 ஆகஸ்டில் வட்ட ரம்பத்தில் வலது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. மோதிர விரலில் நுனிக் கணு போனது. கட்டைவிரல் நரம்பைத் தைத்தார்கள், ஆனாலும் சரியாக மடங்கவில்லை. நாள் கூலி 700. பட்டறையில் மொத்தம் ஐந்து பேர். முதலாளி ஆஸ்பத்திரிக்கு 60,000 கட்டினார், ஆறு வாரம் வாரத்துக்கு 2,000 கொடுத்தார். இப்போது ஒன்றரை லட்சம் தருகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா, கேஸ் போட்டால் எவ்வளவு வரும்?"

கையெழுத்து மட்டும் இப்போதைக்கு வேண்டாம்மா. பணத்தை வாங்குவது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நான் வக்கீல் இல்லை. தொழிற்சங்க வேலையாகக் கடலூர் லேபர் ஆபீஸ் வாசலில் ரொம்ப வருடம் உட்கார்ந்திருந்தவன். சிப்காட் ஆட்கள், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர்கள், துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர்கள், சாரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று எல்லோருக்கும் மனு எழுத உதவியிருக்கிறேன். அதில் கண்டது ஒன்று. அடிபட்ட வீட்டில் எல்லோரும் முதலாளி சொன்ன தொகையிலிருந்து மேலே ஏறப் பார்க்கிறார்கள். அவர் ஒன்றரை என்றால் இவர்கள் இரண்டு கேட்பார்கள், ஒன்றே முக்காலில் முடியும். கணக்கை மறுபக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். சட்டம் சொல்லும் முழுத் தொகையை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அங்கிருந்து கீழே எவ்வளவு இறங்கலாம் என்று யோசியுங்கள்.

எந்தச் சட்டம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்து, சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, வந்துவிடும். அதில் வருகிறவர் முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. இ.எஸ்.ஐ. மொத்தமாகத் தராது, மாதாமாதம் ஆயுள் முழுக்கத் தரும். உதாரணத்துக்கு நாள் சம்பளம் 600 என்றால் அதில் 90 சதவீதம் 540. மெடிக்கல் போர்டு 25 சதவீத இழப்பு என்று எழுதினால் நாளுக்கு 135, மாதம் நாலாயிரம் சொச்சம். என்னைக் கேட்டால் பல பேருக்கு அதுதான் நல்லது, மொத்தமாக வரும் பணம் ஒரு கல்யாணத்தில் கரைந்துவிடும். ஆனால் உங்கள் தம்பியின் பட்டறையில் ஐந்தே பேர். அதனால் இ.எஸ்.ஐ. இல்லை. அவருக்கு 1923-ஆம் வருடத்துப் பழைய சட்டம்தான். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று இருந்தது, 2010-இல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. பழைய ஆங்கிலப் பெயரான வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன் என்பதைச் சுருக்கி, ஆபீசில் இன்னும் டபிள்யூ.சி. கேஸ் என்றுதான் சொல்வார்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது, அதனால் பழையது செல்லாது என்று யாராவது குழப்பினால் கவலைப்படாதீர்கள். விபத்து நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதுதான் பேசும். புதியதிலும் கணக்கின் எலும்புக்கூடு இதேதான்.

அந்தக் கணக்கு, முழுசாக உழைக்க முடியாமல் போனவருக்கு, மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குவது. உயிர் போனால் 60-க்குப் பதில் 50. செத்தவரை விட முடங்கியவருக்கு அதிகமா என்று கேட்பார்கள். ஆமாம், முடங்கியவரும் சாப்பிட வேண்டும் இல்லையா. கொஞ்சம் மட்டும் இழந்தவருக்கு, அந்த முழுத் தொகையில் இத்தனை சதவீதம் என்று வரும். ஆக சம்பளம், வயது, சதவீதம் ஆகிய மூன்றும் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் காகிதத்தில் போட்டுவிடலாம். ஆனால் மூன்றிலும் சண்டை இருக்கிறது.

சம்பளம். நாளுக்கு 700, மாதம் சராசரி 24 நாள் என்று வைத்தால் 16,800. ஆனால் சட்டத்தில் ஒரு மூடி போட்டிருக்கிறார்கள். நீங்கள் எவ்வளவு வாங்கினாலும் மாதம் 15,000-க்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 2020 ஜனவரி 3-க்கு முன்னால் அந்த மூடி 8,000-ஆக இருந்தது, அதனால்தான் பழைய கேஸ்களில் பாதித் தொகை வந்ததைப் பார்த்துவிட்டு ஊரில் "இவ்வளவுதான் வரும்" என்று சொல்லித் திரிகிறார்கள். உங்கள் தம்பிக்கு 15,000.

பிரச்சினை மூடியில் இல்லை, நிரூபிப்பதில் இருக்கிறது. மரப்பட்டறையில் யார் சம்பளச் சீட்டு கொடுக்கிறார்? இன்றைக்கு ஒன்றரை லட்சம் தருகிறேன் என்று அன்பாகப் பேசும் அதே முதலாளி, பதில் மனுவில் "அவர் எப்போதாவது வந்து போகிறவர், நாளுக்கு 400" என்று எழுதுவார். 400 என்றால் மாதம் 9,600. இந்த ஒரே வரி உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கீழே காட்டுகிறேன். அதனால் இப்போதே தேடுங்கள். ஜி-பே-யில் கூலி வந்திருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப்பில் முதலாளி அனுப்பிய கணக்கு, வாரக் கூலி எழுதிய சின்ன நோட்டு, கூட வேலை செய்தவர் சாட்சி. காலைச் சாப்பாடும் டீயும் பட்டறைச் செலவு என்றால் அதையும் சம்பளத்தில் சேர்க்கலாம், பணமாக மதிப்பிடக்கூடிய எந்தச் சலுகையும் சட்டப்படி சம்பளம்தான். போக்குவரத்துப் படி சேராது. ஓவர்டைமும் சேரும், அதைப் பாதிப் பேர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்திருந்தால் அந்தப் பன்னிரண்டு மாதக் கூலியைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுப்பார்கள். நடுவில் பதினாலு நாளுக்கு மேல் வராமல் இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாக எடுத்துக்கொண்டு வேறு விதமாகக் கணக்கிடுவார்கள். ஊரில் திருவிழாவுக்குப் பத்து நாள் போனதால் ஒன்றும் ஆகாது. "நிரந்தர ஆள் இல்லை, தினக்கூலி" என்ற வாதத்துக்கும் 2000-ஆம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு உயிர் இல்லை.

வயது. சட்டத்தின் நாலாவது அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு எண் இருக்கிறது. 25 வயதுக்கு 216.91, 34-க்கு 199.40, 50-க்கு 153.09, அறுபத்தைந்தும் அதற்கு மேலும் 99.37. கடைசியாக முடிந்த பிறந்தநாளில் என்ன வயதோ அது. ஆதாரில் தோராயமாக ஜனவரி 1 என்று போட்ட ஆட்கள் நம்மிடம் நிறைய. பள்ளிக்கூட டி.சி. இருந்தால் எடுத்து வையுங்கள், ஆனால் இதற்காக அலைய வேண்டாம். இரண்டு வயது தள்ளிப் போனாலும் உங்கள் கேஸில் பத்தாயிரம் ரூபாய்தான் மாறும். சம்பளத்துக்கும் சதவீதத்துக்கும் படும் பாட்டை இதற்குப் பட வேண்டியதில்லை.

இப்போது பெருக்கிவிடலாம். 15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 199.40-ஆல் பெருக்கினால் 17,94,600. உங்கள் தம்பி முழுசாக முடங்கியிருந்தால் வரும் தொகை இது. இதை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள். இனிப் பேச்சு எல்லாம் இதில் எத்தனை சதவீதம் என்பதுதான்.

சதவீதத்தில்தான் கேஸின் உயிர் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சட்டத்தின் முதல் அட்டவணை உடம்பை அங்குலம் அங்குலமாக விலை போட்டு வைத்திருக்கிறது. படிக்கும்போது கசாப்புக் கடைப் பலகை மாதிரி இருக்கும். கட்டைவிரல் போனால் 30. நாலு விரல் போனால் 50. ஒரு கை மணிக்கட்டோடு போனால் 60. ஒரு கண் போய் மறு கண் நன்றாக இருந்தால் 40. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. மோதிர விரலில் ஒரு கணு மட்டும் என்றால் 5. வலது கை, இடது கை வித்தியாசமே கிடையாது. சோற்றுக் கையால் உளி பிடிக்கிற தச்சருக்கும் இடது கையை இழந்த கணக்குப்பிள்ளைக்கும் அட்டவணை ஒரே பதில்தான் சொல்லும்.

உங்கள் தம்பி விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே அட்டவணையில் "ஒரு கையில் இரண்டு விரல் இழப்பு 20" என்று தனியாக ஒரு வரி உண்டு. தனித்தனியாகக் கூட்டினால் 14-ம் 12-ம் 26. சேர்த்துப் பார்த்தால் 20. முதலாளி தரப்பு 20 என்றுதான் சொல்லும். நம் தரப்பு 26 கேட்க வேண்டும். ஒரே விபத்தில் பல காயம் என்றால் எல்லாவற்றையும் கூட்டலாம், முழு முடக்கத் தொகையைத் தாண்டக் கூடாது என்றுதான் சட்டமே சொல்கிறது, தொழிலாளிக்காக எழுதிய சட்டத்தை அவர் பக்கம் சாய்த்துப் படிப்பதும் வழக்கம். வாதம் எடுபடலாம், படாமலும் போகலாம். அதனால் நான் தரை, அதாவது குறைந்தபட்சம், என்று வைப்பது 20-ஐத்தான். அதோடு மோதிர விரல் நுனிக்கு 5. மொத்தம் 25 சதவீதம். 17,94,600-இல் 25 சதவீதம் 4,48,650. யாரும் வாதாடாமல், அட்டவணையை மட்டும் பார்த்தாலே வர வேண்டிய தொகை இது. 26-ஐ ஒப்புக்கொண்டால் மொத்தம் 31, அதாவது 5,56,326.

முதலாளி சொல்வது ஒன்றரை லட்சம். வித்தியாசம் புரிகிறதா?

சம்பளத்தில் ஏமாந்தால் என்ன ஆகும் என்று சொன்னேனே, அதையும் பார்த்துவிடுங்கள். 9,600 என்று முடிவானால் இதே 25 சதவீதத்துக்கு 2,87,136-தான் வரும். ஒரு பொய் வரிக்கு 1,61,514 ரூபாய்.

இனி கட்டைவிரல். அது போகவில்லை, இருக்கிறது, ஆனால் மடங்கவில்லை. அட்டவணையில் இதற்கு இடம் இல்லை. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, தகுதியுள்ள டாக்டர் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று மதிப்பிட்டு எழுத வேண்டும். இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்காக எடுக்கும் சான்றிதழில் இருப்பது உடல் ஊன சதவீதம். டபிள்யூ.சி. கேஸுக்கு வேண்டியது சம்பாத்திய இழப்பு. இரண்டும் ஒன்றில்லை. கட்டைவிரல் பாதி மடங்காத ஒரு வாத்தியார் நாளைக்கே பாடம் எடுக்கலாம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லாமல், கட்டைவிரலும் மடங்காத ஒரு தச்சர் உளியை எதால் பிடிப்பார்? இழைப்புளியை எப்படித் தள்ளுவார்? ஆணியை எந்த இரண்டு விரலால் நிறுத்துவார்? இந்தக் கேள்விகளை டாக்டரிடம் நீங்களே சொல்ல வேண்டும். டாக்டர் எலும்பைப் பார்ப்பார், பட்டறையைப் பார்த்திருக்க மாட்டார். ஜிப்மரிலோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ காட்டும்போது, தம்பி என்ன வேலை செய்தார், எந்தக் கருவியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். முடிந்தால் ஒரு உளியையே எடுத்துப் போய்க் காட்டுங்கள். சிரிக்காதீர்கள், நான் ஒருமுறை ஒரு கொத்தனாரோடு கரணையை எடுத்துப் போயிருக்கிறேன். வாசலில் செக்யூரிட்டியிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது, ஆனால் டாக்டர் அதைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

இதில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று நம் பக்கம் இருக்கிறது, அதுவும் தச்சர் கேஸ். 1975 டிசம்பரில் வந்த பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீனிவாச சபதா. இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. அட்டவணைப்படி முழு இழப்பு இல்லை. ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் இது முழு முடக்கம் என்று சொல்லி நூறு சதவீதம் கொடுத்ததை நீதிமன்றம் உறுதி செய்தது. 2008-இல் கே. ஜனார்த்தன் வழக்கில், ஒரு கால் போன டேங்கர் லாரி டிரைவருக்கும் இதே மாதிரி நூறு சதவீதம். அடிபட்டவரின் தொழில் என்ன என்று பார், அந்தத் தொழிலை அவரால் இனிச் செய்ய முடியுமா என்று பார், இதுதான் அந்தத் தீர்ப்புகளின் சாரம்.

இதைக் கேட்டதும் உங்கள் தம்பிக்கும் 17,94,600 என்று யாராவது ஆசை காட்டுவார்கள். நான் காட்ட மாட்டேன். கை போனதும் இரண்டு விரல் போனதும் ஒன்றில்லை. மெஷினில் மரத்தை நகர்த்த முடியும், சாண்ட்பேப்பர் போட முடியும், பாலிஷ் அடிக்க முடியும் என்று எதிர்த்தரப்பு சொல்லும், அதில் உண்மையும் இருக்கிறது. என் அனுபவத்தில், கட்டைவிரலுக்கு நல்ல மருத்துவ மதிப்பீடு கிடைத்தால் மொத்தம் 35-இலிருந்து 45 சதவீதம் வரை நியாயமாக எதிர்பார்க்கலாம். 35 என்றால் 6,28,110. 45 என்றால் 8,07,570. நூறு சதவீதம் வேண்டும் என்று மனுவில் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. மனசுக்குள் மட்டும் அதை வைத்துக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

வலிக்கு, வேதனைக்கு, கல்யாணம் தள்ளிப் போனதற்கு என்று இந்தச் சட்டத்தில் ஒரு பைசா கிடையாது. ரோட்டு விபத்து வழக்கில் இதெல்லாம் உண்டு, சம்பளத்துக்கு மூடியும் இல்லை. அதனால்தான் வண்டி ஓட்டும்போது அடிபட்ட டிரைவர்கள் எந்த வழி என்று முதலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டிலும் கேட்க முடியாது. உங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

ஆனால் வட்டி உண்டு. வருடத்துக்கு 12 சதவீதம். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வட்டி ஓடும். தீர்ப்பு வந்த நாளிலிருந்து இல்லை, விபத்து நாளிலிருந்தே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சிபி ஜார்ஜ் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தரைத் தொகையான 4,48,650-க்கு வருடம் 53,838 ரூபாய் வட்டி. மாதம் நாலாயிரத்து ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் "யோசித்துச் சொல்கிறேன்" என்று இழுக்க இழுக்க அவருக்குத்தான் ஏறுகிறது. நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தால் அசலில் பாதி வரைக்கும் அபராதம் போடவும், இந்தக் கேஸை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. அபராதத்தை எளிதில் போட மாட்டார்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் பேச்சுவார்த்தையில் சொல்லலாம். பட்டறைக்கு இன்சூரன்ஸ் பாலிசி இருந்தால் அசலையும் வட்டியையும் கம்பெனி கட்டும், அபராதம் முதலாளி சொந்தப் பையிலிருந்துதான் போகும். பாலிசி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தும் சொல்லாமல் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கொடுத்ததைக் கழிப்பது. அவர் கட்டிய ஆஸ்பத்திரிச் செலவு 60,000-ஐ இழப்பீட்டில் கழிக்க முடியாது. சிகிச்சைச் செலவு தனி, அதைக் கொடுப்பது 2009 திருத்தத்துக்குப் பிறகு அவர் கடமை. உங்கள் கைக்காசு மருந்து, பிசியோதெரபி, கட்டு மாற்றியது எல்லாவற்றுக்கும் பில் இருந்தால் அதையும் கேட்கலாம். வாரம் 2,000 வீதம் கொடுத்த 12,000-ஐ அவர் கழித்துக்கொள்ளலாம், அது நியாயம். ஆக ஒரு வருட வட்டியோடு தரைக் கணக்கு, கழித்தது போக, 4,90,488.

இப்போது அந்தப் பத்திரம். "முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோர்ட்டிலும் கேட்க மாட்டேன்" என்று நூறு ரூபாய்ப் பத்திரத்தில் நோட்டரி முத்திரையோடு வாங்குவார்கள். சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. இழப்பீட்டுக்கு ஒப்பந்தம் போட்டால் அதை ஆணையரிடம் அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும், தொகை குறைவு என்று பட்டால் அவர் பதிவு செய்யவே மறுக்கலாம். பதிவுக்கு அனுப்பாமல் விட்டால் முதலாளி முழுத் தொகையும் கட்ட வேண்டும், ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கக்கூட முடியாது. இதை 29-ஆம் பிரிவு சொல்கிறது. பல முதலாளிகளுக்கும் அவர்களுடைய ஆடிட்டர்களுக்கும் இது தெரியாது.

பிறகு ஏன் கையெழுத்து வேண்டாம் என்கிறேன்? செல்லாத பத்திரத்தைச் செல்லாது என்று சொல்லவே ஒரு வருடம் போகும். அதில் "நாள் கூலி 400" என்றோ, "என் கவனக்குறைவால்" என்றோ, "காவல் தகட்டை நானே கழற்றினேன்" என்றோ நடுவில் ஒரு வரி நுழைந்திருக்கும். கவனக்குறைவு பரவாயில்லை, தொழிலாளியின் அசட்டையால் இழப்பீடு போகாது. ஆனால் பாதுகாப்புத் தகடு என்று தெரிந்தே வேண்டுமென்று கழற்றினார் என்றால், உயிர் போகாத, முழு முடக்கம் ஆகாத கேஸில் முதலாளி தப்பிக்கலாம். நம் ஊர் மரப்பட்டறைகளில் ரம்பத்துக்குத் தகடு வாங்கின நாளிலிருந்தே இருக்காது, அது வேறு கதை.

குடியும் அப்படித்தான். கிருமாம்பாக்கம், முள்ளோடை, கன்னியக்கோயில் என்றாலே "குடிச்சிருந்தான் சார்" என்று சொல்வது எதிர்த்தரப்புக்கு வாய்ப்பாடு. பாலம் தாண்டிப் போனவன் எல்லாம் குடிக்கத்தான் போனான் என்று ஒரு நினைப்பு. அதற்கு விடை ஆஸ்பத்திரியில் அன்றைக்கு எழுதிய விபத்துப் பதிவேட்டில் இருக்கிறது. ஏ.ஆர். காப்பி என்று கேளுங்கள். அதில் எப்படி அடிபட்டது, எங்கே அடிபட்டது, மூச்சில் வாடை இருந்ததா என்று எழுதியிருப்பார்கள். "வீட்டில் வேலை செய்யும்போது" என்று சொல்லச் சொல்லி முதலாளியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட கேஸில் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதியிருந்தால் இப்போதே தெரிந்துகொண்டு, கூட இருந்தவர் சாட்சியைத் தயார் செய்ய வேண்டும்.

பணத்தை வாங்கலாமா என்றால், வாங்கலாம். தொகையில் தகராறு இருந்தாலும், தான் ஒப்புக்கொள்ளும் அளவை முதலாளி தற்காலிகமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று 4ஏ பிரிவே சொல்கிறது, வாங்கினதால் மீதியைக் கேட்கும் உரிமை போகாது. பேங்க் வழியாக வாங்குங்கள். "இழப்பீட்டில் ஒரு பகுதியாக" என்று மட்டும் ரசீது கொடுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாமல் பத்திரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஒன்றரை லட்சம் குறைவு என்று அவருக்கே தெரிகிறது என்று அர்த்தம்.

எங்கே போடுவது? விபத்து நடந்தது புதுச்சேரி எல்லை, வீடு கடலூர். இரண்டில் எங்கு வேண்டுமானாலும் போடலாம், குடியிருக்கும் ஊரின் ஆணையரிடம் மனுப் போட 21-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. தென்பெண்ணையைத் தாண்டி ஒவ்வொரு வாய்தாவுக்கும் அலைய வேண்டாம், கடலூர் தொழிலாளர் துறையிலேயே போடுங்கள். மேல்முறையீடு எங்கிருந்து போனாலும் சென்னை உயர் நீதிமன்றம்தான், அதுவும் தீர்ப்புத் தொகையை முழுசாகக் கட்டிவிட்டுத்தான் முதலாளி போக முடியும். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் கடலூர் கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், தொழிலாளிக்கு இலவசமாகவே தருவார்கள். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேசுகிற வக்கீலிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள், பார் கவுன்சில் விதிப்படியே அது கூடாது.

கடைசியாக, கசப்பான பேச்சு. ஆணையர் எட்டு லட்சம் போட்டாலும் ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்காரரால் கட்ட முடியுமா? கட்டாவிட்டால் நில வரி பாக்கியைப் போல வசூலிக்க வழி இருக்கிறது, வருவாய்த் துறை மூலமாக. ஆனால் அவர் பெயரில் சொத்து இருக்க வேண்டும், தாசில்தார் ஆபீசில் கோப்பு நகர வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் கேஸே வருடக் கணக்கில் போகும். பாலிசி இருந்தால் நான் கடைசி வரை போராடச் சொல்வேன், கம்பெனிக்குக் கட்ட முடியாமல் போகாது. பாலிசி இல்லை, பட்டறை வாடகை இடம், மெஷின் லோனில் இருக்கிறது என்றால் என் யோசனை வேறு. முதலில் மனுவைப் போட்டுவிடுங்கள். போட்ட பிறகு, ஐந்து லட்சத்துக்குக் குறையாமல், ஒரே தவணையில், ஆணையர் முன்னால் பதிவு செய்த ஒப்பந்தமாக வந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை வந்தால் நல்லது. மாதாமாதம் பத்தாயிரம் தருகிறேன் என்றால் வேண்டாம், நாலாவது மாதம் போனை எடுக்க மாட்டார்.

மனுப் போட இரண்டு வருடம் அவகாசம், அதாவது 2027 ஆகஸ்டு வரை. அவ்வளவு தள்ளாதீர்கள், கூட வேலை செய்த அந்த நாலு பேரில் இரண்டு பேராவது அதற்குள் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள். இந்த வாரம் ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் வாங்கி வையுங்கள். முதலாளிக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள், விபத்து நாள், இடம், காயம், கூலி 700 என்று நாலே வரி. அந்தத் தபாலுக்கு அவர் பதிலே போடாமல் விட்டாலும் பின்னால் உதவும். கூலி 400 என்று முதல் முறையாகப் பதில் மனுவில் எழுதும்போது, அன்றைக்கே ஏன் மறுக்கவில்லை என்று கேட்கலாம்.